வாடகைக்கு அரசு வவுச்சர்: திருப்பனந்தாளுக்கு வந்தால் கணக்குக் கேட்கப் போவது யார்?

வேலை கும்பகோணம் ஜவுளிக்கடையில், குடியிருப்பது திருப்பனந்தாளில் வாடகைக்கு. இப்படி வாழும் ஒரு குடும்பத்துக்கு அரசின் வீட்டு வசதித் திட்டங்களில் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் எதுவும் இல்லை. நம்ம ஊர் திட்டங்களில் பெரும்பாலானவை வீடு கட்டவோ வாங்கவோ பணம் தருபவை. மாத வாடகைக்கு உதவுவதில்லை.

இதற்குத் தீர்வாக அவ்வப்போது அடிபடும் பெயர்தான் ‘வாடகை வவுச்சர்’. கேட்க நல்லா இருக்கு. ஆனால் அதைக் கண்காணிக்கப் போவது யார் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

வாடகை வவுச்சர்னா என்ன?

அரசு வீடு கட்டித் தராது. நீங்களே வீடு பார்த்துக்கொள்ளலாம், வாடகையில் ஒரு பகுதியை அரசு கொடுக்கும். அமெரிக்காவில் 1974-ம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கிய இந்த முறையில் இன்று சுமார் 23 லட்சம் குடும்பங்கள் பயன்பெறுகின்றன. குடும்ப வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை வாடகைதாரர் கட்டுவார். மீதி, ஒரு வரம்புக்குள், நேரடியாக வீட்டு உரிமையாளருக்குப் போகும்.

பணம் மத்திய அரசுடையது, நடத்துவது உள்ளூர் வீட்டுவசதி அமைப்புகள். அவர்கள் பார்க்க வேண்டியவை:

* காத்திருப்போர் பட்டியலில் வரிசை மீறாமல் ஆட்களைத் தேர்வு செய்வது.
* கேட்கும் வாடகை, அக்கம்பக்க வாடகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது.
* குடியேறும் முன்பும், பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் வீட்டை நேரில் சோதிப்பது.

இன்னொரு முக்கியமான விதியும் உண்டு. திட்டத்தில் பொறுப்பு வகிக்கும் அதிகாரியோ உள்ளூர் மக்கள் பிரதிநிதியோ, பதவியில் இருக்கும்போதும் அதற்குப் பின் ஓராண்டும், பொதுவாக வவுச்சர் ஒப்பந்தத்தில் ஆதாயம் பெற முடியாது. கவுன்சிலரே வீட்டு உரிமையாளராகவும் இருந்தால் என்ன ஆகும் என்று முன்பே யோசித்து வைத்த விதி இது.

அங்கேயும் எல்லாம் சரியாக இல்லை. தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஏறத்தாழ ஒன்றுக்குத்தான் வாடகை உதவி கிடைக்கிறது. உள்ளூர் அமைப்புகளை மதிப்பிட 14 குறியீடுகள் இருந்தாலும், அவற்றில் பல அந்த அமைப்புகளே தங்களைப் பற்றித் தரும் சான்றை நம்பி இருக்கின்றன.

இந்தியாவில் வந்ததா?

பேச்சு வந்தது, திட்டம் வரவில்லை. 2015-ல் மத்திய அரசு நகர்ப்புற வாடகை வீட்டுவசதிக் கொள்கைக்கு ஒரு வரைவை வெளியிட்டது. 2017-ல் ஸ்மார்ட் சிட்டிகளில் ஏழைகளுக்கு வாடகை வவுச்சர் தரும் யோசனை செய்தியானது. உள்ளாட்சி வவுச்சரை வழங்கி மதிப்பையும் முடிவு செய்யும், வாடகைதாரர் அதை உரிமையாளரிடம் தருவார், அவர் சேவை மையத்தில் பணமாக்கிக்கொள்வார் என்பது அப்போது சொல்லப்பட்ட வடிவம். ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் தஞ்சாவூர் இருந்தது. திருப்பனந்தாள் போன்ற பேரூராட்சிகள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

2024 செப்டம்பரில் தொடங்கிய ‘பிரதமர் வீட்டுவசதித் திட்டம் - நகர்ப்புறம் 2.0’-ல் ‘வவுச்சர்’ என்ற சொல் மறுபடி வருகிறது. இதில் குழம்ப வேண்டாம். தனியார் திட்டத்தில் வீடு வாங்குபவருக்கான உதவி அது. வாடகைக்கு ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் அது காலியாகக் கிடக்கும் அரசு வீடுகளை வாடகைக்கு மாற்றவும், புதிதாக வாடகைக் குடியிருப்பு கட்டவும்தான். நீங்கள் இப்போது கொடுக்கும் மாத வாடகைக்கு அதில் உதவி இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமானது எது?

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் ‘கருணைத் தொகை’. பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்டும்போது, வெளியேறும் குடும்பம் வேறு இடத்தில் தங்க இந்தப் பணம் தரப்படுகிறது. 8,000 ரூபாயாக இருந்தது 2021-ல் 24,000 ஆனது.

கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் என்று வைத்தால்கூட மாதத்துக்கு 1,333 ரூபாய்தான் வருகிறது. வேலை இழுத்தால் அதுவும் குறையும். அந்தக் குடும்பம் எங்கே தங்குகிறது, எவ்வளவு வாடகை தருகிறது, அந்த வீடு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் இந்த மொத்தத் தொகையில் தெரியாது. பணம் கொடுத்ததற்குக் கணக்கு இருக்கும். அது வாடகைக்குப் போதுமானதா என்பதற்கு இருக்காது.

டெல்டாவில் ஏன் இது முக்கியம்?

சொந்த இடத்தில் வீடு கட்ட உதவி வேண்டுமென்றால் முதலில் கேட்பது பட்டா. டெல்டாவில் தலைமுறைகளாகக் கோயில், மடத்து நிலங்களில் அடிமனை வாடகை கட்டிக் குடியிருப்பவர்கள் நிறைய. வீடு அவர்கள் கட்டியது, மண் அவர்களுடையது இல்லை. நிலமே இல்லாத விவசாயக் கூலிக் குடும்பங்களும், வேலைக்காக ஊர் மாறி வாடகைக்கு இருப்பவர்களும் இதே நிலைதான். வீடு கட்டும் திட்டங்கள் எட்டாத இவர்களுக்குத்தான் வாடகை உதவி தேவை.

திருப்பனந்தாளில் யார் கண்காணிப்பார்கள்?

இப்போதுள்ள சட்டப்படி பார்த்தால் பொறுப்பு பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

* பேரூராட்சி: சொத்து வரிக் கணக்கு இங்கேதான். எந்தத் தெருவில் எந்த வீடு, எவ்வளவு பெரிது என்று தெரியும். வாடகையில் தலையிட அதிகாரம் இல்லை.
* வாடகை அதிகாரி: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. அதைப் பார்ப்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. வாய்ப்பேச்சிலேயே வாடகை முடிவாகும் தெருவில் அவர் கைக்கு ஆவணமே வராது.
* வாரியம்: பணம் தரும். அதன் வேலை தன் குடியிருப்புகளோடு முடிந்துவிடும்.

ஆக, வீட்டைத் தெரிந்தவருக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவருக்கு வீடு தெரியாது. வீடு கட்டும் திட்டத்தில் இந்த இடைவெளியை ஓரளவு சமாளிக்கலாம். அடித்தளம், லிண்டல், கூரை என ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டோ எடுத்துப் பணம் விடுவிப்பார்கள். வாடகையை அப்படிப் பார்க்க முடியாது. அதே குடும்பம்தான் இருக்கிறதா, அரசுப் பணம் வருகிறது என்று வாடகையை ஏற்றிவிட்டார்களா, கூரை ஒழுகுகிறதா என்று தொடர்ந்து பார்க்கிற வேலை அது.

மக்கள் கேள்வி கேட்க இடம் இருக்கிறதா?

திருப்பனந்தாள் ஒன்றியத்துக் கிராமம் என்றால் கிராம சபை உண்டு. கலைஞர் கனவு இல்லம் போன்ற திட்டங்களின் பயனாளிப் பட்டியலை அங்கே கேட்கலாம். ஆனால் தஞ்சை மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. பேரூராட்சி எல்லைக்குள் கிராம சபை கிடையாது. நகர்ப்புறத்துக்கான பகுதி சபைகள் 2022 நவம்பர் 1-ல்தான் தொடங்கின.

கையில் இருக்கும் இன்னொரு கருவி தகவல் உரிமைச் சட்டம். மானியத் திட்டம் எப்படி நடக்கிறது, எவ்வளவு ஒதுக்கீடு, பயனாளிகள் யார் என்பதை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4-வது பிரிவு. வெளியிடவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அப்போ என்ன செய்யணும்?

வாடகை உதவி அறிவிப்பு என்றைக்கு வந்தாலும், தொகை எவ்வளவு என்பதோடு இந்த நான்கையும் கேளுங்கள்:

1. பயனாளிப் பட்டியலும் காத்திருப்போர் வரிசையும் வார்டு வாரியாக ஒட்டப்படுமா?
2. நியாயமான வாடகை எது என்று தெருவைத் தெரிந்த யார் முடிவு செய்வார்கள்?
3. வீட்டை நேரில் சோதிப்பது யார், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?
4. கவுன்சிலரோ அலுவலரோ வீட்டு உரிமையாளராக இருந்தால் விதி என்ன?

முதல் கேள்விக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த இரண்டுக்கும் சொத்து வரிக் கணக்கு வைத்திருக்கும் பேரூராட்சிக்குக் கொஞ்சம் அதிகாரமும் ஆளும் தர வேண்டும். நான்காவதற்கு ஒரு விதி எழுத வேண்டும். இதெல்லாம் இல்லாமல் வரும் வவுச்சர், கடைசியில் வாடகையை ஏற்றிவிட்டு உரிமையாளர் கணக்கில் போய் நிற்கும்.