போதும் என்றால் யார் கேட்கிறார்கள்?

டெல்லி நண்பர் ஒருவர் எடை குறைப்பு அறுவை செய்துகொண்டார். 'ஸ்லீவ்' முறை. மொழிபெயர்ப்பாளர் புத்தி, 'சட்டைக்கை' என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல ஒரு குழாய். நிதின் கட்கரி 2011-லும் அருண் ஜேட்லி 2014-லும் எடை குறைப்பு அறுவை செய்துகொண்டபோது எத்தனை கிலோ குறையும் என்பதுதான் பேச்சு. எப்படிச் சாப்பிடுவார்கள் என்று யார் கேட்டார்கள்?

நண்பருக்கு முதல் இரண்டு வாரம் நீராகாரம், பிறகு மசித்த உணவு. வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஒன்றரை மாதத்துக்கு மேலாயிற்று. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. அரை மணி கழித்துத்தான். நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும், அவரோ சைவம். ஆறு இட்லி ஆசாமி, பனீரை முதலில் தின்றுவிட்டு அரை இட்லியோடு எழுந்துவிடுகிறார். நான்காம் மாதம் முடி கொட்டியது. திரும்ப வளரும் என்றார் டாக்டர். பி12, கால்சியம் மாத்திரைகள் மட்டும் ஆயுளுக்கும்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது கல்யாணப் பந்தி. கரோல்பாக்கில் ஒரு கல்யாணம். "போதும்" என்றார். தமிழில் இதைவிட நம்பப்படாத சொல் கிடையாது. இன்னொரு கரண்டி சாதம் விழுந்தது. பெண்ணின் அம்மா வந்து, "சமையல் சரியில்லையா, அண்ணா?" என்று முகம் வாடினார். மனசு கேட்காமல் இரண்டு கவளம் கூடுதலாக விழுங்கினார். நெஞ்சை அடைத்தது. கை கழுவுமிடத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

இப்போதெல்லாம் தாம்பூலப் பை கொடுக்கும் நேரம் பார்த்துத்தான் கல்யாணத்துக்குப் போகிறார்.