கிளினிக் தந்த சீட்டு



இந்த விடயத்தை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வெட்கத்தினால் அல்ல. சுத்தம், குளிப்பு, கணவன் மனைவி உறவு எல்லாவற்றையும் கிதாபில் திறந்து வைத்துப் பாடம் நடத்துகிறவர்கள் நாங்கள். ஊரில் யாரையாவது காட்டிக் கொடுத்துவிடுமோ என்ற பயம்தான். ஆகவே அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் மீளக்குடியேறிய ஒரு குடும்பம். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வியாபாரம். மனைவி மூன்றாவது பிள்ளைக்குக் கர்ப்பிணி. கிளினிக்கில் வழமையாக எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் அவருக்குச் சிபிலிஸ் என்னும் பாலியல் நோய் தெரிய வந்தது. உறுதிப்படுத்தும் பரிசோதனையும் அதையே சொன்னது. கணவரையும் வரச் சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “இது உனக்கு எங்கேயிருந்து வந்தது?”

அந்தப் பிள்ளை என் மனைவியிடம் வந்து அழுதது.

பரிசோதனை நோய் இருப்பதைச் சொல்லும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று சொல்லாது. முதலில் வரும் புண் பெரும்பாலும் வலிக்காது, தானாகவே ஆறிவிடும். மனிதன் மறந்துவிடுவான். நோயோ அறிகுறி காட்டாமல் ஆண்டுக்கணக்கில் உடம்பில் கிடக்கும்.

தொற்று போகும் வழியை வைத்தியர்கள் வட்டங்களும் கோடுகளுமாக வரைவதுண்டு. ஒரு வட்டம் ஒரு மனிதர், ஒரு கோடு ஓர் உறவு. கணவனைத் தவிர வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் அதில் வட்டம் உண்டு. அவளிடமிருந்து ஒரே கோடு கணவனுக்குப் போகிறது. கணவனிடமிருந்து எத்தனை கோடுகள், எந்த ஊர்களுக்கு என்பது அவளுக்குத் தெரியாது. 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்ட பிறகு எங்கள் குடும்பங்கள் புத்தளம், கொழும்பு, வளைகுடா என்று சிதறிக் கிடக்கின்றன. கோடுகளும் அவ்வளவு தூரம் நீளும்.

அதனால்தான் அந்தச் சீட்டு. மனைவிக்கு மட்டும் பென்சிலின் ஊசி போட்டுக் கணவரை விட்டுவிட்டால் நோய் அதே வீட்டுக்குத் திரும்பி வரும். வயிற்றுப் பிள்ளைக்கும் தொற்றும். பிள்ளை இறந்தே பிறக்கவும் கூடும். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. கர்ப்பிணிகள் கை நீட்டி இரத்தம் கொடுத்ததால் கிடைத்த பெயர் அது. கணவன்மாரும் கை நீட்ட வேண்டாமா?

கோடுகளை வைத்துக் குற்றவாளியைத் தேடினால் என்னாகும்? 1984இல் அமெரிக்காவில் 40 எயிட்ஸ் நோயாளிகளை இப்படிக் கோடுகளால் இணைத்து ஓர் ஆய்வு வெளியானது. அதில் கலிபோர்னியாவுக்கு வெளியேயிருந்து வந்த ஒருவருக்கு ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தைக் குறியாக வைத்தார்கள். பார்த்தவர்கள் அதைப் பூச்சியம் என்று வாசித்தார்கள். நோயைக் கொண்டு வந்த முதல் ஆள் இவரே என்று, அவர் இறந்த பின் உலகமெல்லாம் பழித்தது. பழைய இரத்த மாதிரிகளை ஆராய்ந்து, அவருக்கு முன்பே நோய் அங்கே பரவியிருந்தது என்று 2016இல்தான் நிறுவினார்கள். இறந்து 32 வருடம் கழித்து!

பத்தினிப் பெண்மீது நான்கு சாட்சியின்றிப் பழி சொல்பவனை ஷரீஅத் எப்படிப் பார்க்கிறது என்பது நீங்கள் அறிந்ததே. “யாரோடு தொடர்பு என்று வைத்தியசாலையில் கேட்பதும் பிறர் குறையைத் துருவுவதுதானே?” என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். இல்லை என்பதே என் கருத்து. நோயின் கட்டத்தைப் பொறுத்து 3 மாதம், 6 மாதம், அதற்கும் மேல் பின்னோக்கிக் கேட்கிறார்கள். மருந்து போய்ச் சேரத்தான் கேட்கிறார்கள். தன் வாயால் சொல்ல முடியாதவருக்காக, அவர் பெயரைச் சொல்லாமல், உத்தியோகத்தர்களே மற்றவருக்கு அறிவிப்பதும் உண்டு. அங்கே சொல்வது அமானிதம். தெருவில் சொல்வதுதான் புறம்.

மாப்பிள்ளையை நான் சந்தித்தேன். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வர அவருக்கு மனமில்லை. தெரிந்த முகங்கள் இருக்குமாம். கொழும்பிலும் டீ சேரம் பிளேசில் இலவசச் சிகிச்சை நிலையம் இருக்கிறது, சீட்டை அங்கே கொண்டு போங்கள் என்றேன். அடுத்த வாரம் போனார். அங்கே வேறு யாருடைய பெயரைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை.