கழுத்துக் கறுப்பு ஊத்தை இல்லை

எங்கட பச்சில ஒருத்தி மூன்று மாதமாகப் பின்கழுத்தைத் தேசிக்காயும் சீனியும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புப் போகவில்லை, தோல்தான் எரிந்தது. "குளிக்கிறேல்லையோ?" என்று கேட்டுச் சிரித்தவர்களில் நாங்களும் இருந்தோம். பிறகு, மாதவிடாய் நாலு மாதம் வராமல் கிளினிக்குக்குப் போனபோதுதான் டொக்டர் கழுத்தைப் பார்த்துவிட்டு, இது ஊத்தை இல்லைப் பிள்ளை, இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம் என்றார்.

கலைப்பீடத்துக்காரரான எங்களுக்கு விளங்கியது இதுதான். சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் குளுக்கோசைத் தசைகள் உள்ளே எடுக்கவும், ஈரல் தன் பங்குக்கு விடுகிற குளுக்கோசைக் குறைக்கவும் சதையி இன்சுலினைச் சுரக்கும். வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் கொழுப்புச் சேரச் சேர, தசையும் ஈரலும் இன்சுலினின் சொல்லை வடிவாகக் கேட்பதில்லை. சதையி இன்னும் கூடச் சுரந்து சமாளிக்கும், வருசக்கணக்காக. அந்தக் காலத்தில் வெறும்வயிற்றில் சீனி பார்த்தால் 'நோர்மல்' என்றுதான் வரக்கூடும். ஆனால் கூடிப்போன இன்சுலின் சும்மா இருக்காது. தோற்கலங்களைப் பெருக்கிக் கழுத்தையும் அக்குளையும் கறுப்பாக்கும். சூலகத்தை ஆண் ஓமோன்களைக் கூடச் சுரக்கவைத்து மாதவிடாயைக் குழப்பும். சதையி களைத்துப்போன பிறகுதான் சீனி ஏறும். அதைத்தான் இரண்டாம் வகை நீரிழிவு என்கிறோம்.

'சீனி வருத்தம்' என்ற பெயரே எங்களை ஏமாத்துது. பிளேன்ரீக்குச் சீனி போடாமல் விட்டால் தப்பிவிட்டோம் என்று நினைக்கிறோம். காலையில் பாண், மத்தியானம் மலை மாதிரிச் சோறு, பின்னேரம் ரோல்ஸ், இரவுக்குக் கொத்து. (கொத்தை விடச் சொல்லவில்லை, எங்களாலும் ஏலாது.) 2016 இலிருந்து சோடாப் போத்தலில் சீனி அளவைக் காட்டச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் போடுகிறார்கள். கன்ரீன் சோற்றுப் பார்சலுக்கு நிறம் இல்லை. மெலிந்தவர்களும் "எங்களுக்கென்ன" என்று இருக்க ஏலாது. தெற்காசிய உடல்கள் குறைந்த நிறையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்ப்பவை. அதனால்தான் எங்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர்.

எங்களுக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். மாதவிடாய் பிந்தினால் "கலியாணம் கட்டினால் சரிவரும்" என்று சொல்லி வீட்டில் மூடிவிடுகிறார்கள். கறுப்பு என்றால் கிறீம் வாங்கித் தருகிறார்கள். இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் ஒருவரும் கூட்டிக்கொண்டு போவதில்லை. கழுத்துக் கறுத்த எல்லாருக்கும் இதுதான் என்றில்லை, ஆனால் டொக்டரிடம் காட்டிக் கேட்பதில் என்ன வெட்கம்?

நடக்கச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான், தசை அசையும்போது இன்சுலினை எதிர்பாராமலும் குளுக்கோசை இழுத்துக்கொள்ளும். ஆனால் பின்னேரம் றோட்டில் ஒரு பெட்டை தனிய நடந்தால் மோட்டச்சைக்கிளில் போறவன் கத்திறான். ஆறு மணிக்கு ஹொஸ்ரல் கேற்றைப் பூட்டுறாங்கள். பிறகு எங்கே நடப்பது?

இப்போதைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளோடு நாங்கள் மூன்று பேர் மைதானத்தைச் சுற்றுகிறோம். வெயில் மண்டையைப் பிளக்குது. கழுத்து இன்னும் கறுப்புத்தான். அவள் தேய்க்கிறதை விட்டிட்டாள்.