சோபாவுக்கு அடியில்

கம்மல் திருகாணி ஒன்று தொலைந்தது. தொலையாமல் இருந்திருந்தால் அந்த சோபா இன்னும் நாலு வருஷம் அதே இடத்தில் கிடந்திருக்கும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்தினோம். திருகாணி இல்லை. பச்சைக் கம்பளத்தில் முழ நீளத்துக்குச் சொட்டை விழுந்து, அடியில் இருந்த சாக்கு தெரிந்தது. சுற்றிலும் பச்சை நிறத்தில் ரவை சிந்தியதுபோல் ஏதோ கிடந்தது. விரலில் ஒற்றி எடுத்துப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, அது புழுவின் எச்சம். பச்சைக் கம்பளத்தைத் தின்றால் பச்சையாகத்தானே வரும்.

லண்டன் ஹாரோவில் நாங்கள் வாங்கிய வீட்டோடு வந்த கம்பளம் அது. சுவருக்குச் சுவர் ஒட்ட விரித்த அசல் ஆட்டு ரோமம். “கம்பளி, உழைக்கும்” என்று பூரித்துப் போனவள் நான்தான்.

கும்பகோணத்துக்கு போன் போட்டேன்.

“அந்துருண்டை நாலு போட்டு விடேண்டி. இதுக்கா இவ்வளவு புலம்பல்?” என்றாள் அம்மா.

அந்துருண்டையில் இருக்கும் அந்து எது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. எனக்குத் தெரிந்த அந்து அரிசி டின்னைத் திறந்தால் பறப்பது. துணி தின்கிற அந்து அதற்குத் தூரத்து உறவுதான். நேர்ப் பங்காளி வேறொன்று இருக்கிறது. ஊரில் குளியலறைச் சுவரில் பூசணி விதை மாதிரி சாம்பல் நிறக் கூடு ஒன்று தொங்குமே, இரண்டு முனையிலும் தலையை நீட்டி நகருமே, அதுதான். விளக்குமாற்றால் தட்டிவிட்டு மறந்துவிடுவோம். அங்கே அதற்குத் தின்ன ஒட்டடையும் உதிர்ந்த முடியும்தான். இங்கே இதற்கு ஒரு அறை நிறைய விருந்து.

அம்மாவின் வைத்தியம் இங்கே செல்லாது. நாப்தலீன் உருண்டையை ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் கடைகளிலிருந்து விலக்கியபோது பிரிட்டனும் அதில்தான் இருந்தது. காரணமும் நியாயமானதே. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த நெடியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும். அந்துருண்டை மணக்கும் துணியில் சுற்றி வளர்ந்த தலைமுறை நாங்கள். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

முதல் வாரம் முழுக்க நான் செய்தது முட்டாள்தனம். சாயங்காலமானால் செருப்பும் கையுமாகப் பறப்பதை அடித்துக்கொண்டிருந்தேன். நெல் உமி ஒன்று தானாக எழுந்து பறப்பதுபோல் இருக்கும், பொன் நிறத்தில். பறப்பது தின்னாது, அதற்கு உருப்படியான வாயே கிடையாது. தின்பதெல்லாம் புழுப் பருவத்தில்தான். அதிலும் படபடவென்று பறப்பவை பெரும்பாலும் ஆண்கள். நாற்பது, ஐம்பது முட்டை இடுகிறவள் வெளிச்சம் ஆகாமல் கம்பள விளிம்பில் ஓடி ஒளிகிறாள். நான் வீரம் காட்டியதெல்லாம் சம்பந்தமில்லாத ஆட்களிடம்.

கடையில் விற்கும் ஒட்டு அட்டைப் பொறியும் அப்படித்தான். பெண் பூச்சியின் வாசனை தடவியிருப்பார்கள், மயங்கி வந்து ஒட்டிக்கொள்வது ஆண் மட்டுமே. வீட்டில் பூச்சி இருக்கிறதா, எந்த அறையில் அதிகம் என்று கணக்குப் பார்க்க அது உதவும், ஒழிக்க உதவாது. பூச்சி மருந்து அடிக்க வந்தவரோ நடுக்கூடத்தை நனைத்துவிட்டு, சோபாவைத் தொடாமலே பில் கொடுத்துப் போனார். யாரும் நடக்காத இடத்தில் குடியிருக்கிற புழுவுக்கு நடைபாதையில் மருந்து!

அழுதுகொண்டே லண்டனிலேயே நாட்டிங் ஹில் பகுதியில் நடந்த ஒரு வழக்குச் செய்தியைத் தேடிப் படித்தேன், அற்ப ஆறுதலுக்காக. 2019இல் மூன்றேகால் கோடி பவுனுக்கு ஒரு தம்பதி அங்கே மாளிகை வாங்கினார்கள். குடிபோனால் வீடெங்கும் இதே அந்து. பூச்சித் தொல்லை உண்டா என்று வாங்கும்முன் கேட்டதற்கு விற்றவர் இல்லையென்று எழுதிக் கொடுத்திருந்தார். குளிர் தாங்கச் சுவருக்குள் அடைத்திருந்த ஆட்டு ரோமத்துக்குள் குடித்தனம் நடந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் வீட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. எங்கள் வீட்டுச் சுவரில் ரோமம் இல்லை என்று அன்றிரவே உறுதி செய்துகொண்டேன்.

கடைசியில் கைகொடுத்தது வேக்குவம்தான். வாரம் இரண்டு முறை எல்லாவற்றையும் நகர்த்தி, சுவரும் தரையும் சேரும் இடுக்கில் ஒல்லி மூக்கைச் செருகி உறிஞ்ச வேண்டும். உறிஞ்சிய பையை அன்றே வெளியே குப்பைத் தொட்டியில் போட வேண்டும், இல்லையென்றால் பையே பிரசவ ஆஸ்பத்திரி ஆகிவிடும். மொட்டை விழுந்த பகுதியை வெட்டி எறிந்தோம். குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடுகிற வீட்டில் அந்துக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது, அதனால் மாசக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். செய்கிறேன். முதுகு வலிக்கிறது.

பயம் கம்பளத்துக்காக மட்டும் இல்லை. இந்தப் புழு பட்டையும் விடாது, அதிலும் வியர்வையோ சாம்பார்க் கறையோ பட்ட பட்டென்றால் தனி ருசி. பீரோவைக் காலி செய்து புடவைகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன். தப்பின. அப்பாவின் காஷ்மீர் சால்வையில் மட்டும், ஓரத்தில், மிளகு போகிற அளவுக்கு ஒரு ஓட்டை.

மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துப் போகும். சால்வையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி எடுத்து, ஃப்ரீசரில் தேங்காய்த்துருவலுக்கும் முருங்கைக்காய் பாக்கெட்டுக்கும் நடுவில் செருகினேன். மறுநாள் தேங்காய் எடுக்கப் போன மகள் சமையலறையிலிருந்து கத்தினாள்.

“அம்மா, தாத்தா சால்வை ஏன் இங்க இருக்கு?”

“பதினாலு நாளைக்கு அதைத் தொடாதே.”

நேற்று எடுத்தேன். விறைத்துப் போய் அப்பளக்கட்டு மாதிரி இருந்தது. நாற்காலி முதுகில் போட்டு இளகவிட்டிருக்கிறேன். ஓட்டையை அடைக்கக் காக்கி நூல் தேட வேண்டும். திருகாணி இன்னும் கிடைக்கவில்லை.