அந்தியேட்டிக்கு 31 நாள், அரசுக்கு ஒரு மாதம்

லண்டன் ஈஸ்ட்ஹாமில் வசிக்கும் ஒரு பெண்ணுக்கு, மூட்டுவாதத்தால் நடமாட முடியாததற்குப் பிஐபி கொடுப்பனவும், வேலைக்குப் போக முடியாததற்கு யூனிவர்சல் கிரெடிட்டும் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் அவரை வளர்த்த அம்மம்மா இறந்துவிடுகிறார். செத்தவீட்டுக்குப் போகிறவர் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடித்துத்தான் திரும்புவார். இந்த ஒரே பயணத்தைப் பிரிட்டிஷ் அரசு இரண்டு விதமாகக் கணக்கிடுகிறது.

பிஐபி தாராளமானது. தற்காலிகமாக வெளிநாடு போனால் 13 வாரம் வரை நிற்காது. சிகிச்சைக்கென்றால் 26 வாரம். நான்கு வாரத்துக்கு மேல் போவதானால் தெரிவிக்க வேண்டும். யூனிவர்சல் கிரெடிட்டுக்கோ பொதுவாக ஒரு மாதம்தான். அதற்குள் திரும்பிவிட்டால் மட்டும் போதாது. கூடுதலாகத் தங்கும் உத்தேசமும் இருக்கக் கூடாது. அந்தியேட்டிவரை இருப்பேன் என்று உண்மையைச் சொல்லிப் புறப்படுபவருக்கு ஆபத்து அங்கேயே தொடங்குகிறது. பெப்ரவரியில் புறப்பட்டால் அந்த ஒரு மாதம் 28 அல்லது 29 நாளிலேயே தீர்ந்துவிடும்.

நெருங்கிய உறவினர் இறந்தால் இன்னும் ஒரு மாதம் வரை நீட்டிக்க விதியில் இடமுண்டு. ஆனால் யார் நெருங்கிய உறவினர்? பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், மாமனார், மாமியார், மருமக்கள் என்று நீளும் சட்டப் பட்டியலில் அம்மம்மா இல்லை. பெரியம்மாவும் தாய்மாமனும் இல்லை. போரில் தாய் தகப்பனை இழந்து இவர்களிடம் வளர்ந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

நாட்டில் வாழ்பவருக்கான பணம், ஆகவே வெளியே போனால் சொல்லத்தான் வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு மறுப்பில்லை. சொல்லாமல் போய், பிறகு கூடுதலாகப் பெற்ற தொகையைத் திருப்பிக் கட்டும் கடனில் சிக்குவோரில் பலர் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். ஓரிடத்தில் சொன்னது எல்லா இடத்துக்கும் போய்ச்சேரும் என்று நம்பியவர்கள்.

அரசே பயணத் தரவைப் பார்த்துக்கொள்ளட்டுமே என்பதும் தீர்வல்ல. 2025இல் வரித்துறை அப்படித்தான் செய்தது. பயணப் பதிவுகளை நம்பிச் சுமார் 23,500 குடும்பங்களின் குழந்தைக் கொடுப்பனவை நிறுத்தியது. பெல்ஃபாஸ்டில் விமானம் ஏறி டப்ளின் வழியாக வீடு திரும்பியவர்கள் அதன் கணக்கில் திரும்பவே இல்லை. டிக்கெட் போட்டுவிட்டு விமானம் ஏறாதவர்கள்கூட வெளிநாட்டில் குடியேறியவர்களானார்கள். வரித்துறை பிறகு மன்னிப்புக் கேட்டது.

இத்தனைக்கும் அதே அரசிடம் ‘டெல் அஸ் ஒன்ஸ்’ என்றொரு சேவை இருக்கிறது. ஒருவர் இறந்ததை ஒருமுறை தெரிவித்தால் ஓய்வூதியம், வரி, கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம் என்று உரிய இடங்களுக்கெல்லாம் தகவல் போய்விடும். செத்தவருக்குச் செய்யக்கூடியதை, செத்தவீட்டுக்குப் போகும் நோயாளிக்கு ஏன் செய்ய முடியாது? பிஐபியும் யூனிவர்சல் கிரெடிட்டும் ஒரே அமைச்சின்கீழ்தான் இருக்கின்றன.

புறப்படும் தேதியையும் திரும்பும் தேதியையும் ஒருமுறை வாங்கிக்கொண்டு, எந்தக் கொடுப்பனவு எந்தத் தேதிவரை தொடரும் என்று அந்த அமைச்சு ஒரே கடிதத்தில் எழுதிக் கொடுக்கலாம். உறவினர் பட்டியலில் அம்மம்மாவையும் அப்பம்மாவையும் சேர்க்க அரசுக்கு ஒரு விதித் திருத்தம் போதும்.