இரவு ஷிப்டும் தொழிலாளியின் உடம்பும்

பஞ்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் தொழிலாளி ஜுரம், சளி என்று அடிக்கடி படுத்தால் மேஸ்திரி என்ன சொல்கிறார்? “உனக்கு உடம்பில் சக்தியில்லை” என்கிறார். அன்றைய கூலி போகிறது. தொழிலாளியும் தன் உடம்பைத்தான் நொந்துகொள்கிறார். குற்றம் உடம்பில் இல்லை, ஷிப்டு முறையில் இருக்கிறது என்கிறோம் நாம். விஞ்ஞானம் நம் பக்கம்தான் நிற்கிறது.

மனித மூளையில், கண்களுக்குப் பின்னால், ஒரு கடிகாரம் இருக்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு அது இரவு பகலைக் கணக்கிடுகிறது. உடம்பின் மற்ற உறுப்புகளிலும் சிறு சிறு கடிகாரங்கள் ஓடுகின்றன. அவை ஓடும் விதத்தைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் ஆராய்ந்தது பழ ஈக்களை! ஈக்குக்கூட நேரம் தெரிகிறது, மில் நிர்வாகத்துக்குத்தான் தெரியவில்லை.

நோய்க் கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்களும் இந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவையே. எப்போது ரத்தத்தில் சுற்றுவது, எப்போது கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுகிற முடிச்சுகளுக்குப் போவது என்று அவற்றுக்கு முறை உண்டு. இரவெல்லாம் விழித்துவிட்டு, பகலில் தகரக் கூரையின் புழுக்கத்தில் நாலு மணி நேரம் கண்ணயர்ந்தால் அந்த முறை குலைகிறது. பெண் தொழிலாளிக்கு அந்த நாலு மணி நேரமும் கிடையாது. வீட்டில் அடுப்பு காத்திருக்கிறது. வாராவாரம் ஷிப்டு மாறும் ஆலையில் உடம்பு ஒன்றுக்குப் பழகுமுன் அடுத்தது வந்துவிடுகிறது.

2015ல் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சோதனையில் 164 பேருக்கு ஜலதோஷக் கிருமியை மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணிக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் அபாயம் நாலு மடங்குக்கு மேல் இருந்தது. 2002ல் வெளிவந்த இன்னொரு சோதனையில், சில இரவுகள் நாலு மணி நேரமே தூங்கவிட்ட வாலிபர்களுக்கு இன்புளுயன்சா தடுப்பூசி போட்டார்கள். பத்தாம் நாள் பார்த்தால், நன்றாகத் தூங்கியவர்களுக்கு ஊறிய எதிர்ப்புச் சக்தியில் பாதிகூட இவர்களுக்கு இல்லை. பிற்பாடு அந்த வித்தியாசம் மறைந்தது. ஆனால் வியாதி அதுவரை காத்திருக்குமா? உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமோ, இரவு ஷிப்டு வேலை அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 2007ல் வகைப்படுத்தி, 2019லும் அதையே உறுதி செய்தது.

கிராமத்தில் நடப்பதும் இதுதான். பம்பு செட்டுக்கு மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வந்தால் மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்பவர் விவசாயத் தொழிலாளி. விடிந்ததும் அவருக்கு நடவு வேலை. காய்ச்சலில் விழுந்தால் இ.எஸ்.ஐ.யும் இல்லை.

மில் ஓடத்தான் வேண்டும் என்பார்கள். ஓடட்டும். தூக்கத்தைத் திருடி ஓட வேண்டியதில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா தமிழக சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. அந்தப் பலம் இன்னும் நம்மிடம் இருக்கிறது, தோழர்களே! டபுள் ஷிப்டு கூடாது. இரவு வாரம் முடிந்ததும் சம்பளத்துடன் இரண்டு நாள் ஓய்வு வேண்டும். விடுதித் தொழிலாளர்கள் பகலில் தூங்க இருட்டும் காற்றும் உள்ள அறை வேண்டும். அடுத்த ஒப்பந்தப் பேச்சுக்குச் சங்கம் தயாரிக்கும் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்கு அடுத்த வரியாக இவற்றை எழுதுங்கள்.