ஞாயிறு விருந்தும் சேவைக் கட்டணமும்

காணிப்பாக்கம் விநாயகரைத் தரிசித்துவிட்டு, ஞாயிறு காலை பத்தரை மணிக்குப் புத்தலப்பட்டில் ஒரு குளிர்சாதன ஓட்டலுக்குள் நுழைந்தது, சித்தூரில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று. மாதத்தில் ஒரு நாள் வெளியே சாப்பிடுவதற்கென்று எடுத்துவைத்த பணம் கையில். வாசலில் 'ஞாயிறு விருந்து, வேண்டிய மட்டும் சாப்பிடலாம்' என்று பலகை. உள்ளேயோ பெசரட்டு தீர்ந்துவிட்டது. பொங்கல் ஆறிக் கட்டியாகிவிட்டது. இரண்டாம் முறை சட்னி கேட்டதற்குச் சர்வர் முகம் சுளித்தார். குழந்தைக்குக் கிடைத்தது ஒரே ஒரு வடை. அதுவும் முதல்நாள் வடை போலும்!

அதைக்கூடப் பொறுக்கலாம். பில்லில் ஐந்து சதவீத ஜி.எஸ்.டி.க்கு மேல், 'சேவைக் கட்டணம்' என்று தனியாகப் பத்து சதவீதம். வரி சர்க்காருக்குப் போவது, கொடுத்தே தீரவேண்டும். சேவைக் கட்டணம் ஓட்டல்காரருக்குப் போவது. அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதித்தது. 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நம்மவரோ, அயலூரில் வம்பு எதற்கு என்று முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வந்தார். இந்தப் பக்கத்தில் கல்லாவில் இருப்பவருக்குத் தமிழ் புரியாமலா போகும்? 'இதை எடுத்துவிடுங்கள்' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மறுத்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். அங்கே தமிழிலும் பேசுகிறார்கள்.